சாய்வும் வெட்டுத்துண்டும்: ஒரே கோட்டுக்கு நான்கு சமன்பாடு, எதை எப்போது எடுப்பது?

ஒரு நேர்க்கோட்டை நான்கு வடிவங்களில் எழுதலாம். கோடு ஒன்றேதான், ஆனால் ஒரு வடிவத்தில் பளிச்சென்று தெரிவது இன்னொன்றில் ஒளிந்துகொள்ளும். செல்சியஸை ஃபாரன்ஹீட்டாக மாற்றும் கோட்டையே எடுத்துக்கொள்வோம். கிடை அச்சில் செல்சியஸ் (செ), செங்குத்து அச்சில் ஃபாரன்ஹீட் (ஃபா). நீர் உறைவது (0, 32), கொதிப்பது (100, 212).

சாய்வு = (212 − 32) / (100 − 0) = 1.8. மேலே எந்தப் புள்ளியை முதலில் எழுதினோமோ, கீழேயும் அதையே முதலில் எழுத வேண்டும். கீழே மட்டும் 0 − 100 என்று மாறிப்போனால் −1.8 கிடைக்கும். சூடு ஏற ஏற ஃபாரன்ஹீட் இறங்குகிறது என்றாகிவிடும். குறியைக் கணக்கின் பொருளோடு ஒட்டிப் பார்த்தால் இந்தப் பிழை உடனே பிடிபடும்.

சாய்வு–வெட்டுத்துண்டு வடிவம்: ஃபா = 1.8 செ + 32

படித்துப் புரிந்துகொள்ள இதற்கு ஈடில்லை. 1 டிகிரி செல்சியஸ் ஏறினால் 1.8 டிகிரி ஃபாரன்ஹீட் ஏறும்; அது சாய்வு. செல்சியஸ் 0 ஆக இருக்கும்போது ஃபாரன்ஹீட் 32, அது வெட்டுத்துண்டு. இரண்டின் வேலையும் வேறு வேறு. வெப்பநிலை 1.5 டிகிரி செல்சியஸ் உயர்ந்தது என்றால் ஃபாரன்ஹீட்டில் உயர்வு 1.5 × 1.8 = 2.7. இங்கே 32-ஐக் கூட்டி 34.7 என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் தவறு. வித்தியாசம் கேட்டால் சாய்வு மட்டும் போதும். அளவு கேட்டால்தான் வெட்டுத்துண்டும் சேரும்.

இந்த வடிவத்துக்குக் கைவராதது செங்குத்துக் கோடு. செ = 100 என்ற கோட்டுக்குச் சாய்வு காணப் போனால் 0-ஆல் வகுக்க வேண்டிவரும்.

புள்ளி–சாய்வு வடிவம்: ஃபா − 212 = 1.8 (செ − 100)

சமன்பாடு உருவாக்க இதுவே முதல் தேர்வாக இருக்க வேண்டும். வெட்டுத்துண்டைத் தனியாகத் தேட வேண்டியதில்லை. கோட்டின் மேல் எந்தப் புள்ளி கையில் இருந்தாலும் போதும். இரண்டு அளவிலும் ஒரே எண் வரும் (−40, −40) என்ற புள்ளியை எடுத்தால் அழகான ஒன்று வெளிவரும்:

ஃபா + 40 = 1.8 (செ + 40)

அதாவது 40 கூட்டு, 1.8-ஆல் பெருக்கு, 40 கழி. 37-க்கு: 77 × 1.8 = 138.6, அதில் 40 போக 98.6. திரும்பிப் போகவும் அதே வழிதான். பெருக்குவதற்குப் பதில் 1.8-ஆல் வகுத்தால் ஆயிற்று. 32-ஐ முதலில் கழிப்பதா, கடைசியில் கூட்டுவதா என்ற குழப்பமே இல்லை.

வெட்டுத்துண்டு வடிவம்: செ/(−160/9) + ஃபா/32 = 1

இரண்டு அச்சுகளையும் கோடு எங்கே வெட்டுகிறது என்பதை நேரே சொல்லும். முதல் எண் சுமார் −17.78, 0 டிகிரி ஃபாரன்ஹீட்டின் செல்சியஸ் மதிப்பு அது. வெட்டுத்துண்டு என்பது நீளம் அல்ல. ஆகவே குறை எண்ணாகவும் வரலாம், அந்தக் குறியை விட்டுவிடக் கூடாது.

இந்தக் கோட்டை வரைய மட்டும் வெட்டுத்துண்டுகளை நம்ப வேண்டாம். 1 செ.மீ. = 10 டிகிரி செல்சியஸ் என்ற அளவுத்திட்டத்தில் கிடை வெட்டுத்துண்டு ஆதிப்புள்ளியிலிருந்து 1.78 செ.மீ. தூரத்தில் விழும். அதைக் குறிப்பதில் அரை மி.மீ. பிசகினால், 100 டிகிரி வரை நீட்டும்போது ஏறத்தாழ 5 டிகிரி ஃபாரன்ஹீட் தவறும். தள்ளித் தள்ளி இருக்கும் (0, 32), (100, 212) புள்ளிகளை இணைப்பதே சரி. செங்குத்து அச்சில் 1 செ.மீ. = 20 டிகிரி என்று வைத்திருந்தால், கட்டங்களை எண்ணிச் சாய்வு கண்டால் 0.9 என்று வரும். அச்சில் எழுதிய எண்களை வைத்தே கணக்கிட வேண்டும்.

ஆதிப்புள்ளி வழியே போகும் கோட்டுக்கு இந்த வடிவம் அறவே உதவாது. கெல்வினும் ரேங்கினும் தனிச்சுழி வெப்பநிலையை 0 என வைத்து எண்ணும் இரண்டு அளவுகள்; ரேங்கின் = 1.8 × கெல்வின் என்ற கோட்டில் இரண்டு வெட்டுத்துண்டுகளும் 0.

பொது வடிவம்: 9 செ − 5 ஃபா + 160 = 0

பின்னமும் தசமமும் இல்லை, செங்குத்துக் கோடும் இதில் அடங்கும். ஆனால் எதுவும் நேராகத் தெரியாது. சாய்வு 9 என்றும் வெட்டுத்துண்டு 160 என்றும் அவசரத்தில் எழுதிவிடுவார்கள். ஃபா-வைத் தனியே பிரித்து 5-ஆல் வகுத்த பிறகுதான் 9/5, 32 இரண்டும் வெளிவரும்.