லோடிங் நேரத்தில் குளிர் வெளியேறாமல் இருக்க: எந்தத் தடுப்பு எங்கே எடுபடும்?

குளிர்பதனக் கிடங்கின் கதவு திறந்ததும் கனமான குளிர்காற்று தரையை ஒட்டி வெளியே வழியும். அந்த இடத்தை நிரப்ப, கதவின் மேல்பாதி வழியாக வெப்பக்காற்று உள்ளே புகும். வெப்பத்தைவிட அதோடு வரும் ஈரம்தான் பெரிய தொல்லை. 30 டிகிரியில் ஈரம் நிறைந்த ஒரு கனமீட்டர் காற்றில் சுமார் 30 கிராம் நீராவி இருக்கும். மைனஸ் 20 டிகிரியில் ஒரு கிராம்கூடத் தங்காது. மிச்சமெல்லாம் அறையைக் குளிர்விக்கும் எவாப்பரேட்டர் காயிலில் பனியாகவும் வாசல் தரையில் ஐஸாகவும் படியும். காயில் அடைத்தால் காற்றோட்டம் குறையும், பனியை உருக்கும் டிஃப்ராஸ்ட் அடிக்கடி ஓடும், அந்த வெப்பமும் அறைக்குள்தான் போகும். அதனால் கீழே உள்ளவற்றை ஈரத்தை நிறுத்தும் திறனை வைத்தே எடைபோடுகிறோம்.

பிவிசி ஸ்ட்ரிப் திரை

விலை குறைவு, கரண்ட் வேண்டாம், ஒரே நாளில் மாட்டிவிடலாம். ஆள் நடமாட்டத்துக்கும் கைவண்டிக்கும் 200 மிமீ அகலம், 2 மிமீ தடிமன் போதும். ஃபோர்க்லிஃப்ட் போகும் வாசலுக்கு 300 மிமீ அகலம், 3 மிமீ தடிமனாவது வேண்டும். ஃபிரீசருக்கு ‘போலார்’ ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். சாதாரண ரகம் குளிரில் விறைத்துப் பிளந்துவிடும். பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று நன்றாகப் படிந்து, நுனி தரையைத் தொட வேண்டும். குளிர் ஒழுகுவது அடியில்தான் என்பதால், அங்கே நான்கு விரல் இடைவெளி விட்டுத் தொங்கும் திரையால் பாதிப் பயன்கூட இல்லை.

சிக்கல் ஆட்களிடம் தொடங்கும். பட்டை நாளடைவில் கீறி மங்கிவிடும், மறுபக்கம் யார் நிற்கிறார்கள் என்று ஓட்டுநருக்குத் தெரியாது. உடனே ஒரு கயிற்றால் திரையை ஓரமாகக் கட்டிவிடுவார்கள். கட்டிய திரை இல்லாத திரைக்குச் சமம். அது தொழிலாளியின் குற்றமல்ல. அந்த வாசலுக்கு ஸ்ட்ரிப் திரை பொருந்தவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஏர் கர்ட்டன்

வாசலின் மேலிருந்து வீசும் காற்றே இங்கே திரை. பார்வையை மறைக்காது, சரக்கில் உரசாது. ஆனால் ரொம்பவும் நுணுக்கம் பார்க்கும் சாமான் இது. வெப்பமான பக்கத்தில், வாசலின் முழு அகலத்துக்கும் பொருத்தி, காற்று வெளிப்பக்கம் சற்றே சாய்ந்து விழும்படி அமைக்க வேண்டும். வேகம் குறைந்தால் காற்று தரையை எட்டாது; கூடினால் தரையில் மோதிச் சிதறி இரண்டு பக்கக் காற்றையும் கலக்கிவிடும். ஒரு குச்சியில் டிஷ்யூ பேப்பர் பட்டையைக் கட்டி, வாசலில் கணுக்கால் உயரத்தில் பிடியுங்கள். பட்டை விடாமல் வெளிப்பக்கமே இழுபட்டால் அடியில் குளிர் ஒழுகிக்கொண்டிருக்கிறது. வெளிக்காற்று நேராக அடிக்கும் வாசலுக்கு இதை நம்ப வேண்டாம்.

ஹைஸ்பீடு டோர்

ஃபோர்க்லிஃப்ட் அடிக்கடி போய்வரும் உள்வாசலுக்கு எங்கள் தேர்வு இதுதான். மேலே சுருளும் திரைதான் இதன் கதவு; நொடிக்கு ஒரு மீட்டருக்கும் மேலான வேகத்தில் திறந்து, வண்டி தாண்டியதும் தானே இறங்கும். ரேடார் சென்சார் வைத்தால் வாசலைக் குறுக்கே கடப்பவருக்கும் திறக்கும். தரையில் பதிக்கும் லூப் (உலோகத்தை உணரும் கம்பிச்சுருள்) வண்டிக்கு மட்டும் திறக்கும். ஃபிரீசரில் பக்கவாட்டுத் தண்டவாளத்துக்கு ஹீட்டர் இல்லையென்றால் ஐஸ் பிடித்துத் திரை சிக்கிக்கொள்ளும். இடித்தால் கழன்று மறுபடி பொருந்தும் அடிப்பட்டை அவசியம். திரை மெல்லியது, இன்சுலேஷன் குறைவு. எனவே ஷிஃப்ட் முடிந்ததும் தடித்த கதவையும் சாத்த வேண்டும்.

லாரிக்கும் கட்டடத்துக்கும் நடுவே

மேற்சொன்ன எதுவும் இந்த இடைவெளியை அடைக்காது. ஒரே அளவு லாரிகள்தான் வருமென்றால், டாக் (லாரி வந்து பொருந்தும் சரக்கு வாசல்) விளிம்பில் மெத்தைபோல் பொருத்தும் ஃபோம் டாக் சீல் இறுக்கமாக உட்காரும். பல அளவுகள் வந்தால் அது சிலவற்றின் பின்வாசலையே மறைக்கும். அங்கே காற்றடைத்து உப்பும் ஷெல்டர் நல்லது. லாரித் தளத்தையும் கட்டடத் தளத்தையும் இணைக்கும் டாக் லெவலர் பலகையின் இரு ஓரத்துப் பிளவையும் அடியில் உள்ள குழியையும் பலரும் மறந்துவிடுகிறார்கள். பிரஷ் சீல் போட வேண்டும். பின்கதவை யார்டிலேயே திறந்துவிட்டு ரிவர்ஸ் எடுக்கும் லாரியில், சீல் பொருந்தும் முன்பே ஈரம் ஏறியிருக்கும். லாரி பொருந்திய பிறகு கதவை உள்ளிருந்தே திறக்க இடம் வைத்த டாக் இதைத் தவிர்க்கும்.

மைனஸ் 18 டிகிரி அறைக்கு நேரடியாக வெளிவாசல் வைப்பதே தவறு என்பது எங்கள் உறுதியான கருத்து. நடுவில் 0 முதல் 5 டிகிரியில், ஈரம் உறிஞ்சும் வசதியோடு ஒரு முன்னறை வேண்டும். இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறக்காதபடி இன்டர்லாக் போட வேண்டும். இடம் அடைக்கும், செலவும் அதிகம். ஆனாலும் ஐஸைக் குறைப்பதில் வேறெதுவும் இதற்கு ஈடில்லை.

எதைத் தேர்ந்தாலும் இரண்டு சுவிட்சுகளைக் கவனியுங்கள். வாசலைப் பார்த்து வீசும் எவாப்பரேட்டர் ஃபேன், கதவு திறந்ததும் தானே நிற்க வேண்டும். இல்லையேல் அதுவே குளிரை வெளியே தள்ளும். ரீஃபர் லாரியின் பின்கதவு வெளிக்காற்றுக்குத் திறந்திருக்கும்போது அதன் குளிரூட்டும் யூனிட்டும் அணைந்திருக்க வேண்டும். ஓடினால் ஈரக்காற்றை இழுத்துத் தன் காயிலையே ஐஸால் அடைத்துக்கொள்ளும்.