இசைத்தட்டுக்கு எந்த அழைப்பு எண்?

எல்பி எனும் நீண்டநேர இசைத்தட்டுகளின் காலத்தில் பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியை ஒரு பக்கத்திலும் ஷூபர்ட்டின் 'முடிவுறாத' சிம்பொனியை மறுபக்கத்திலும் வைத்து விற்பது வழக்கம். இசைத்துறை உள்ள ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் அந்தத் தட்டுக்கு அழைப்பு எண், அதாவது அடுக்கில் அதன் இடத்தைக் காட்டும் எண், போட உட்கார்ந்தால்தான் சிக்கல் புரியும். தட்டு ஒன்று, படைப்பு இரண்டு. அடுக்கில் இடமோ ஒன்றுதான்.

பலரும் முதலில் நாடுவது அமெரிக்கக் காங்கிரஸ் நூலகப் பகுப்பு முறையில் இசைக்கான எம் வகுப்பு. 1904-இல் வெளியான இந்த அட்டவணை இசைக்குறிப்பு நூல்களை மனத்தில் வைத்து உருவானது. எம் என்பது இசைக்குறிப்பு, எம்எல் இசையைப் பற்றிய நூல்கள், எம்டி கற்பித்தல். சிம்பொனிகளுக்கு எம் 1001. அதில் பீத்தோவனுக்கு பி4. ஐந்தாம் சிம்பொனிக்கு ஓபஸ் (படைப்பு வரிசை எண்) 67. தட்டுக்கும் இதே எண்ணைக் கொடுத்தால், குறிப்பு நூலைக் கையில் எடுக்கும் மாணவர் அதே எண்ணிலேயே ஒலிப்பதிவையும் தேடிப் பிடிக்கலாம். கடைசியில் இசைக்குழுவை நடத்தியவரின் பெயரெழுத்தைச் சேர்த்தால் ஃபுர்ட்வாங்லரும் கார்லோஸ் கிளைபரும் அருகருகே வந்து நிற்பார்கள். ஒப்பிட்டுக் கேட்பதுதான் இசை மாணவரின் பாடம் என்பதால், இந்த வசதியை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். ஆனால் மறுபக்கத்து ஷூபர்ட் அடுக்கில் காணாமல் போகிறார்.

கர்நாடக இசைக் கச்சேரித் தட்டில் இந்த முறை இன்னும் தடுமாறும். ஒரே தட்டில் தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி மூவரும் இருப்பார்கள். பல படைப்பாளிகள் கூடும் ஒலிப்பதிவுக்கு முதன்மைக் கலைஞரின் பெயரைப் பட்டியலில் தலைப்பாகக் கொள்ளலாம் என்று ஆங்கிலோ-அமெரிக்கப் பட்டியலாக்க விதிகள் வழிவிட்டன. அப்படிச் செய்தால் பாடகர் பெயர்தான் தட்டுகளைப் பிரிக்கும். ராகமோ தாளமோ எண்ணில் வராது. தோடியைத் தேடி வருபவருக்கு எண் உதவாது, பட்டியல் பதிவுதான் உதவ வேண்டும்.

டியூயி தசமப் பகுப்பு முறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1989-இல் வந்த 20-ஆம் பதிப்பில் 780 வரிசை முழுக்கத் திருத்தி எழுதப்பட்டது: ஆப்பெரா 782.1, ஜாஸ் 781.65, வயலின் 787.2. நூலகம் ஏற்கெனவே டியூயியில் இயங்கினால் தொடரலாம். ஒலிப்பதிவுக்காக மட்டும் புதிதாக அதற்கு மாறுவதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தென்படவில்லை.

ஒலிப்பதிவுக்கென்றே 1969-இல் அமெரிக்காவில் ஓர் எழுத்தெண் முறை வெளிவந்தது. அதன் பெயர்ச் சுருக்கம் ஏஎன்எஸ்சிஆர். முதலில் வகை (சிம்பொனிக்கு ஈஎஸ், ஜாஸுக்கு எம்ஜே), பிறகு இசையமைப்பாளர் பெயரின் முதல் எழுத்துகள், பிறகு படைப்பு, கடைசியில் கலைஞரின் முதலெழுத்தோடு தட்டு எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள். பொது நூலகத்தில் உலவித் தேடுபவருக்கு இனிமையான ஏற்பாடு. ஆனால் அதன் வகைகள் மேற்கத்திய இசையையே மையமாகக் கொண்டவை. ஆய்வு நூலகத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்தது, தட்டு நிறுவனத்தின் பெயரையும் எண்ணையும் அப்படியே அழைப்பு எண்ணாக்குவது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகமே எல்பி தட்டுகளுக்கு இதைக் கையாண்டது. அட்டவணையைப் புரட்ட வேண்டாம், ஒரு நிமிட வேலை. ஆனால் ஒரே ஒலிப்பதிவு மோனோவில் ஓர் எண்ணோடும் ஸ்டீரியோவில் வேறோர் எண்ணோடும் வரும். கொலம்பியாவின் எம்எல், எம்எஸ் வரிசைகள் அப்படித்தான். குறுந்தகடாக மறுபடி வெளிவந்தால் இன்னோர் எண். ஆய்வாளர் ஊருக்குள் போய்ப் பதிவுசெய்த ஒலிநாடாவுக்கோ நிறுவன எண்ணே கிடையாது.

அங்கேதான் சேர்க்கை எண், அதாவது நூலகத்துக்கு வந்த வரிசையில் தரும் எண், கைகொடுக்கிறது. இந்தியானா பல்கலைக்கழகத்தின் மரபிசை ஆவணக் காப்பகம் ஆண்டு, வரிசை எண், வகை எழுத்து என்று எண் தருகிறது, களப்பதிவுக்கு எஃப். பொருளைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்லாது. ஆனால் இடத்தைச் சிந்தாமல் நிரப்பும். 12 அங்குலத் தட்டு, ஒலிநாடா, 12 செ.மீ. குறுந்தகடு என்று அளவுவாரியாகத் தனி வரிசை வைக்கலாம். புதிதாக வருவது எப்போதும் கடைசியில்தான் போகும். பகுப்பு எண் முறையில் நடுவில் ஒன்றைச் செருக வரிசையையே நகர்த்த வேண்டும்; கனமும் நொறுங்கும் தன்மையும் கொண்ட நிமிடத்துக்கு 78 சுழற்சி அரக்குத் தட்டுகளை அடிக்கடி நகர்த்துவது அவற்றை உடைக்கும் வழி.

ஆகவே என் முடிவு அடுக்கைப் பொறுத்தது. பணியாளர் எடுத்துத் தரும் மூடிய அடுக்கில் அளவுவாரிச் சேர்க்கை எண் போதும். மிச்சமாகும் நேரத்தை ஒவ்வொரு படைப்புக்கும், கலைஞருக்கும், ராகத்துக்கும் தனித்தனிப் பட்டியல் பதிவு எழுதச் செலவிட வேண்டும். அதைச் செய்யாமல் சேர்க்கை எண்ணை மட்டும் ஒட்டுவது தட்டைப் புதைப்பதற்குச் சமம். மாணவர் தாமே எடுக்கும் குறுந்தகடுகளுக்கு மட்டும் எம் வகுப்பு எண், கலைஞர் எழுத்தோடு. பழையவற்றுக்கு மறு எண் போடும் வேலையில் இறங்க வேண்டாம். ஒரு தேதி குறித்து அதிலிருந்து புது முறையைத் தொடங்கலாம்.

எந்த முறையானாலும் எண்ணை உறையில் மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். தட்டின் நடுவிலுள்ள காகித வட்டத்திலும் எழுதுங்கள். உறை மாறிப்போன தட்டை அதன் இடத்தில் சேர்க்க அந்தச் சிறு எழுத்துதான் கைகொடுக்கும்.