ஆயிரம் டாலர் இருந்தால்: கறுப்பினத்தார் வங்கியா, ஜாமீன் நிதியா?

அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்குத் தோள் கொடுக்க, கையில் இருக்கும் பணத்துக்கு இரண்டு வழிகள்.

கறுப்பினத்தார் நடத்தும் வங்கியில் போட்டால் பணம் உங்களுடையதாகவே இருக்கும். 2,50,000 டாலர் வரை மத்திய அரசின் காப்பீடும் உண்டு. 1930களில் கறுப்பினத்தார் வாழும் பகுதி என்று வரைபடத்தில் சிவப்புக் கோடு போட்டுக் கடன் மறுக்கப்பட்ட தெருக்களில், அந்த வைப்புத்தொகை வீட்டுக் கடனாகவும் கடைக் கடனாகவும் போய்ச் சேரும். மாறும்போது பலர் சறுக்குவது ஒரே இடத்தில்: பழைய கணக்கை அவசரப்பட்டு மூடிவிடுகிறார்கள். வருடாந்திரக் காப்பீட்டுத் தவணை அங்கேயே போய் முட்டித் திரும்பும், அபராதம் விழும். முதலில் சம்பளத்தை மாற்றுங்கள், பிறகு தானியங்கிக் கட்டணங்களை. இரண்டு மாதம் கழித்து மூடுங்கள். கிளைகள் குறைவு என்பதால் ஏடிஎம் கட்டணத்தையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜாமீன் கட்டப் பணமில்லாமல் சிறையில் இருப்பவர்களுக்காக நன்கொடை திரட்டிக் கட்டுவது ஜாமீன் நிதி. இது அவசரத்துக்கானது. 2010இல் நியூயார்க்கில் ஒரு பையைத் திருடியதாக 16 வயது கலீஃப் பிரவுடர் கைதானார். ஜாமீன் 3,000 டாலர். குடும்பத்தால் கட்ட முடியவில்லை. ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் 3 ஆண்டுகள் கிடந்தார், கடைசியில் வழக்கே கைவிடப்பட்டது. கட்டணம் வாங்கிக்கொண்டு ஜாமீனுக்குப் பொறுப்பேற்கும் தரகரிடம் போனால், வழக்கமாகக் கட்டும் ஜாமீன் தொகையின் 10 சதவீதம் திரும்பி வராது. நிதி அமைப்பு முழுத்தொகையை நீதிமன்றத்தில் கட்டுவதால், கைதானவர் தவறாமல் ஆஜரானால் வழக்கு முடிந்ததும் பணம் பெரும்பாலும் திரும்பி, அடுத்தவரை மீட்கும். இல்லினாய்ஸ் 2023இல் பண ஜாமீனையே ஒழித்துவிட்டது. அங்கே இதற்கு வேலையில்லை.

திருப்பிக் கேட்கத் தேவையில்லாத பணம் என்றால் ஜாமீன் நிதிக்கே கொடுங்கள். அவசரகாலச் சேமிப்பு வங்கிக்குப் போகட்டும்.