இனிஷியலில் ஓர் எழுத்து: எட்டு வருடம் கழித்து ஒரு முதுகலைப் பட்டத்தின் கணக்கு

எதிர்வீட்டுச் சித்தி போன வாரம் வாசலில் வைத்துக் கேட்டார். "ஏட்டி, நீ படிச்ச யூனிவர்சிட்டியிலேயே இவளையும் எம்.எஸ்சி சேத்து விடலாமா? செலவு கம்மின்னு சொன்னியே." அவர் மகள் திருநெல்வேலி ராணி அண்ணா அரசு மகளிர் கல்லூரியில் பி.எஸ்சி கணிதம் முடித்திருக்கிறாள். சித்தி கேட்ட அன்று காலையில்தான் எனக்கு அங்கிருந்து ஸ்பீடு போஸ்ட் வந்திருந்தது. பிரித்துப் பார்த்த கோபத்தில், "வேண்டாம் சித்தி" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அது முழுப் பதில் இல்லை.

பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. மாநில அரசுடையது, நம் பக்கத்து மாவட்டங்களில் இல்லை. முக்கூடலிலிருந்து ஓர் இரவு பஸ்ஸில் உட்கார்ந்தே போக வேண்டும்.

செலவு கம்மி என்பது உண்மை. 2015இல் நுழைவுத் தேர்வு எழுதினேன். தரவரிசை போட்டு, இடஒதுக்கீட்டின்படி கூப்பிட்டார்கள். ஒருவர் சிபாரிசும் தேவைப்படவில்லை. முதல் வருடம் கட்டியது ஒன்பதாயிரத்துச் சொச்சம். ஹாஸ்டலில் சாப்பாட்டுச் செலவை எல்லோருக்கும் பிரிக்கும் டிவைடிங் முறை, மாதம் இரண்டாயிரத்தைத் தாண்டினால் பெரிய பேச்சாக இருக்கும். அம்மா பீடி சுற்றுகிறவர். மடியில் சொளகு, அதில் இலையும் தூளும், ராத்திரி பத்து மணி வரை விரல் ஓடும். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் உதவித்தொகை உண்டு, அம்மாவின் பீடி அட்டையை வைத்து அதை வாங்கினேன். கடன் இல்லாமல் எம்.எஸ்சி முடித்தேன். சித்தி ஒன்றைக் கவனிக்க வேண்டும்: புதுமைப்பெண் திட்டத்தில் இதுவரை மகளுக்கு வந்த மாதம் 1,000 ரூபாய் இளங்கலையோடு நின்றுவிடும். முதுகலைக்குக் கிடையாது.

படிப்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். டோபாலஜி என்ற கணிதப் பாடம் எடுத்த சார் வெள்ளிக்கிழமைதோறும் எங்களில் ஒருவரைப் போர்டுக்கு அனுப்புவார். புத்தகத்தில் 'எளிதில் காணலாம்' என்று இருக்கும் இடத்தில் சாக்பீஸை நிறுத்தச் சொல்லி, "எனக்குக் காட்டு" என்பார். ஒரு வரிக்காக நாற்பது நிமிடம் நின்றிருக்கிறேன். இன்று பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும்போது நான் எந்த வரியையும் தாவுவதில்லை என்றால், அது அவர் போட்ட பிச்சை.

எங்கள் வகுப்பில் 26 பேர். அரசுப் பள்ளியில் என்னையும் சேர்த்து நாலு பேர், எல்லோரும் பி.எட் முடித்த பிறகு ஆசிரியர் தேர்வு வாரியத்தின் (டி.ஆர்.பி) தேர்வு எழுதி வந்தவர்கள். ஒன்பது பேர் தனியார் பள்ளிகளில் இருக்கிறார்கள். மூன்று பேர் பிஎச்.டி. இரண்டு பேர் குரூப் 4 எழுதி ஜூனியர் அசிஸ்டென்ட். அந்தத் தேர்வுக்குப் பத்தாம் வகுப்பு போதும். ஒருவன் வங்கியில். மீதி ஏழும் பெண்கள், கல்யாணமாகி வீட்டில் இருக்கிறார்கள். அதில் எங்கள் முதல் மதிப்பெண்காரியும் ஒருத்தி.

இனி அந்த எழுத்து. என் அப்பா பெயர் இசக்கிமுத்து. நம் பக்கம் தெருவுக்கு நாலு இசக்கி உண்டு, பேச்சில் எல்லோரும் எசக்கிதான். அதனால் ஆங்கிலத்தில் பாதிப் பேர் 'ஈ'யில் (E) தொடங்குவார்கள், பாதிப் பேர் 'ஐ'யில் (I). என் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பி.எஸ்சி, ஆதார் எல்லாவற்றிலும் 'ஈ'. நுழைவுத் தேர்வு விண்ணப்பத்திலும் 'ஈ'தான் எழுதினேன், நகல் இன்னும் இருக்கிறது. அங்கே யாரோ 'ஐ' என்று ஏற்றிவிட்டார்கள். முதல் மார்க் ஷீட் வந்தபோது மார்க்கை மட்டும் பார்த்தேன். மூன்றாவது செமஸ்டரில்தான் கண்ணில் பட்டது.

தேர்வுப் பிரிவில் மனு கொடுத்தேன். டிடி எடுத்து வா என்றார்கள், எடுத்தேன். அடுத்த முறை, அந்த செக்‌ஷன் ஆள் லீவு. அதற்கடுத்த முறை, ஃபைல் மேலே போயிருக்கிறது. போனில் கேட்டால் நேரில் வரச் சொல்வார்கள். இப்படி ஐந்து இரவு பஸ். தாசில்தார் அலுவலகத்தில் இரண்டு பெயரும் ஒருவரே என்ற சான்று வாங்கித்தான் 2022இல் டி.ஆர்.பி சான்றிதழ் சரிபார்ப்பைத் தாண்டினேன். வேலை கிடைத்த பிறகு பட்டம் உண்மையானதுதான் என்ற உண்மைத்தன்மைச் சான்று கேட்டு எழுதினால், இனிஷியல் மாறுகிறது என்று திரும்பி வந்தது. அது வராமல் தகுதிகாண் பருவம் முடித்து ஆணை போட மாட்டார்கள். எனக்குப் பின்னால் சேர்ந்தவர்களுக்கு ஆணை வந்துவிட்டது.

போன வாரம் வந்த உறையில் பட்டச் சான்றிதழ் சரி. புரொவிஷனல் சரி. ஒன்று, மூன்று, நாலாம் செமஸ்டர் சரி. இரண்டாம் செமஸ்டரில் மட்டும் பழைய குச்சி எழுத்து அப்படியே நிற்கிறது. பக்கத்தில் மூன்று கோடு போட்டிருந்தால் போதும். சாப்பாட்டு மேசை மேல் ஆறு தாளையும் பரப்பி வைத்து, அம்மாவிடம் விரல் வைத்துக் காட்டினேன். அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. இருந்தும் எந்தத் தாள் வேறு என்று அவரே எடுத்துக் கொடுத்தார்.

சித்தி, அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990லிருந்து இருக்கிறது. அங்கும் எம்.எஸ்சி கணிதம் உண்டு. ஒரு தாளுக்காக அலைய வேண்டி வந்தால்கூடக் காலையில் போய் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். இவள் எங்கே சேர்ந்தாலும் முதல் மார்க் ஷீட்டை என்னிடம் கொண்டுவரச் சொல்லுங்கள், மார்க்குக்கு முன்னால் பெயரைப் பார்க்கிறேன்.

நான் படித்த இடத்துக்கு இப்போதைக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். அந்த இரண்டாம் செமஸ்டர் தாள் திருந்தி வந்த பிறகு மறுபடியும் கேளுங்கள்.