ரெமிங்டன் 870-க்கு வால்நட் முன்பிடி: நான்கு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

என் ரெமிங்டன் 870 ஷாட்கன்னில் தொழிற்சாலை முன்பிடியை, அதாவது குழலின் அடியில் கை பற்றும் கட்டையைக் கழற்றிவிட்டு, வெளியில் வாங்கிய வால்நட் மர முன்பிடியைப் பொருத்தி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இதற்குள் ஏறக்குறைய 5,000 தோட்டாக்கள் சுட்டிருப்பேன். பெரும்பாலும் இங்கே மிச்சிகனில், காற்றில் எறியும் களிமண் தட்டுகளைச் சுடும் தளத்தில். ஆண்டுக்கு ஓரிரு முறை ஃபெசன்ட் பறவை வேட்டையில். வாங்கிய மாதத்திலேயே எழுதியிருந்தால் வெறும் பாராட்டாக முடிந்திருக்கும். மரத்தைப் பற்றிப் பேச இரண்டு கோடையும் இரண்டு குளிர்காலமுமாவது கடந்திருக்க வேண்டும் என்று இப்போது நம்புகிறேன்.

870 போன்ற பம்ப் துப்பாக்கியில் முன்பிடி என்பது கை பற்றும் இடம் மட்டும் அன்று, இயங்கும் உறுப்பும் அதுதான். பின்னுக்கு இழுத்தால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழுகிறது. முன்னுக்குத் தள்ளினால் அடுத்த தோட்டா அறைக்குள் ஏறுகிறது. தட்டு சுடும் ஆட்டத்தில் ஒரு சுற்றுக்கு 25 தட்டுகள், ஆகவே குறைந்தது 25 இழுப்புகள். எங்காவது ஒரு மயிரிழை உரசினாலும் கை அதை உணர்ந்துவிடும்.

என்னுடையது 1980களில் செய்த விங்மாஸ்டர் வகை 870, பழையதாக வாங்கினேன். 870 சந்தைக்கு வந்தது 1950-இல். ஒரு கோடிக்கும் மேல் செய்யப்பட்டுவிட்டதால் மாற்றுப் பாகங்களுக்குப் பஞ்சமே இல்லை. பழைய முன்பிடி எனக்குப் பருமனாக இருந்தது. என் கை சிறியது. விரல்கள் முழுதாகச் சுற்றிப் பிடிக்காமல், நுனியால் கவ்வி இழுத்துக்கொண்டிருந்தேன். இடையில் ஓராண்டு பிளாஸ்டிக் முன்பிடி ஒன்றைப் பயன்படுத்தினேன். எடை குறைவு, சிக்கல் எதுவும் தரவில்லை. ஆனால் இழுக்கும்போதெல்லாம் காலி டப்பா போல ஓர் ஓசை. அது பழகவே இல்லை.

வால்நட் துண்டு ஒரு சிறிய பட்டறையிலிருந்து வந்தது. வெளிப்புறம் அரைகுறையாக இழைத்திருந்தார்கள். மீதியை வாங்குபவர் தன் கைக்கு ஏற்பச் செதுக்கிக்கொள்ள வேண்டும். அதற்காகத்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன். வாங்குமுன் அளந்து பாருங்கள்: முன்பிடி ஏறும் உலோகக் குழாய் எல்லா 870-இலும் ஒரே நீளமாக இருப்பதில்லை. நான் பழைய குழாயைக் கழற்றி வெர்னியர் அளவி வைத்து அளந்த பிறகே பணம் அனுப்பினேன்.

கழற்றும் வேலை கடினமானது அன்று. முதலில் துப்பாக்கி காலியா என்று கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு விரலை விட்டு அறையையும் தோட்டாக் குழாயின் வாயையும் தடவிப் பார்க்க வேண்டும். இதில் சோம்பலுக்கு இடமே இல்லை. தோட்டாக் குழாயின் முன்மூடியைத் திருகி எடுத்துக் குழலை உருவிவிட்டு, இடப்பக்கத் தோட்டாத் தடுப்பை உள்ளே அழுத்தினால் முன்பிடி முன்பக்கமாக நழுவி வரும். அறையை அடைக்கும் போல்ட்டும் கூடவே வரும். மரத்தைப் பிடித்திருப்பது முன்னால் உள்ள இரட்டைப் பள்ள நட். அதற்கென்றே ஒரு சாவி விற்கிறது, வாங்கிவிடுங்கள். ஊசிமூக்குக் குறடால் முயன்று நட்டின் விளிம்பைச் சிதைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

புதிய முன்பிடி குழாயில் ஏறிவிட்டது. துப்பாக்கியைக் கூட்டி இழுத்துப் பார்த்தேன். பாதி வழியில் 'கர்ர்' என்றது. மரத்தின் மேல்பள்ளம் குழலின் அடிப்பகுதியில் எங்கோ பட்டுக்கொண்டிருந்தது. எங்கே என்று கண்ணுக்குத் தெரியவில்லை. மெழுகுவர்த்திச் சுடரில் ஒரு கரண்டியைக் காட்டி, படிந்த கரியைத் துளி எண்ணெயில் குழைத்துக் குழலின் அடியில் மெல்லப் பூசினேன். மறுபடி கூட்டி ஒரே ஒரு முறை இழுத்துக் கழற்றினேன். பள்ளத்தின் வலப்பக்கத்தில், பின்னோரத்திலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி, புளியங்கொட்டை அளவில் ஒரு கருந்தடம். குழலைவிடச் சற்றுப் பருத்த மர உருளையில் உப்புத்தாளைச் சுற்றி, அந்தத் தடத்தை மட்டும் தேய்த்தேன். மறுபடி கரி, மறுபடி இழுப்பு. இப்படி பதினோரு முறை. கடைசியில் குழலுக்கும் மரத்துக்கும் இடையே ஒரு அஞ்சலட்டை தடையின்றி ஓடியது. இந்த வேலையில் அவசரப்பட்டால் மொத்தப் பள்ளத்தையும் அகலமாக்கிவிடுவோம். பிறகு ஆட்டம் கண்டுவிடும்.

வெளிப்புறத்தை அரத்தால் அடிப்பக்கம் 3 மில்லிமீட்டர் குறைத்து, கட்டைவிரலும் விரல்நுனிகளும் அமர இருபுறமும் ஆழமில்லாத பள்ளம் எடுத்தேன். பக்கச் சுவர் மெலிந்துவிடாமல் அடிக்கடி அளக்க வேண்டும். மேலே, மரத்துக்குப் பூசும் டங் எண்ணெய், ஆறு பூச்சு, பூச்சுக்குப் பூச்சு இரண்டு நாள் இடைவெளி. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். உலரும் எண்ணெய் தானே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவைத்துவிடுங்கள்.

என் தவறு உள்பக்கத்தில் நடந்தது. யார் பார்க்கப் போகிறார்கள் என்று உட்சுவரையும் இரு முனைகளின் வெட்டுமுகத்தையும் பூசாமல் விட்டேன். மரம் ஈரத்தை அதிகம் குடிப்பது வெட்டுமுகம் வழியாகத்தான். முதல் கோடையில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது கோடையில், மழை ஓய்ந்த ஒரு ஜூலை மாலை, எட்டாவது தட்டில் முன்பிடி இறுகியது. மரம் ஊதி, நான் பார்த்துப் பார்த்துத் தேய்த்த அதே வலப்பக்கத்தில் குழலைத் தொட்டுவிட்டது. வீட்டுக்கு வந்து பார்த்தால் குழலின் நீலப்பூச்சில் நகக்கீறல் போல ஒரு வெளிர்கோடு. அது இன்றும் இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் மனம் வலிக்கிறது.

குளிர்காலத்தில் இதற்கு நேர்மாறு. வீட்டின் வெப்பமூட்டியால் காற்று வறண்டு மரம் சுருங்க, நட் தளர்ந்தது. அதை இறுக்கிக்கொண்டே போகக் கூடாது. அடுத்த கோடையில் ஊதும்போது முனை பிளந்துவிடும். முனைகளையும் உட்சுவரையும் நான்கு பூச்சு எண்ணெயால் மூடி, நட்டுக்கும் மரத்துக்கும் இடையே ஒரு மெல்லிய ரப்பர் வளையம் வைத்தேன். நட்டின் விளிம்பிலும் மரத்திலும் சேர்ந்தாற்போல வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு இழுத்தேன். நட் அசைந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். அதன்பின் இரண்டு கோடைகள் போய்விட்டன. கோடு விலகவில்லை, கர்ர் ஓசையும் திரும்பவில்லை.

பிடிமானத்தைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. உறைபனியில் கையுறையோடு இழுத்தாலும் வழுக்குவதில்லை. இரண்டாவது தட்டுக்குத் துப்பாக்கி திரும்பும் வேகம் கூடியிருக்கிறது. கை முழுதாக அமர்வதே காரணம் என்று நினைக்கிறேன். சதுப்பில் நனைந்தே திரியும் வாத்து வேட்டைக்காரருக்கு மட்டும் பிளாஸ்டிக்கையே சொல்வேன். மற்றவர்கள் ஒரு வார மாலைகளை ஒதுக்க முடிந்தால் தயங்காமல் மரத்தை வாங்கலாம்.

கட்டைவிரல் படும் இடத்தில் எண்ணெய் தேய்ந்து மரம் சற்று வெளுத்திருக்கிறது. ஏப்ரலில் தளம் திறக்குமுன் அங்கே ஒரு பூச்சும், உட்சுவருக்கு இரண்டும் கொடுக்க வேண்டும்.