பெருந்துறைப் பக்கம் ஹைவேல பஞ்சர் ஆனா உஷாருங்க – 7,400 ரூபா போச்சு

கோவத்துல டைப் பண்றேன், பிழை இருந்தா பொறுத்துக்குங்க. 7,400 ரூபா! ஒரு ஆணி குத்துன டயருக்கு.

நேத்து அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு ஈரோட்டுல இருந்து கோயமுத்தூர் போயிட்டிருந்தோம். பெருந்துறை தாண்டி 544 ஹைவேல பின் டயர் இறங்கிருச்சு. ஸ்டெப்னி மாட்டிட்டேன், அது பெருசில்லை. திரும்பி வர இருட்டாயிருமே, கைவசம் ஒரு டயர் வேணுமேன்னு கண்ணுல பட்ட பஞ்சர் கடையில நிறுத்துனேன். பேரு பலகை கூட இல்லை. தகரக் கொட்டாய், வாசல்ல லாரி டயர், ஒரு கம்ப்ரசர், அவ்வளவுதான்.

“வாங்ண்ணா, உக்காருங்ண்ணா”ன்னு ஒரு பையன் ஓடி வந்தான். அம்மாவுக்கு நெழல்ல சேர் போட்டான். சொம்புல தண்ணி கொண்டாந்து “குடிங்கம்மிச்சி”ன்னான். எந்த ஊருங்கன்னு கேட்டான். அம்மா சிவகிரின்னு சொன்னதும், “அட, நமக்குக் கொடுமுடிங்க!”ன்னு ஒரே சிரிப்பு. அம்மாவுக்கு மனசு குளுந்து போச்சு. மஞ்ச வெலை, வாய்க்காத் தண்ணின்னு ரெண்டு பேரும் பேச ஆரம்பிச்சுட்டாங்க. ஒறம்பரை வீட்டுக்கு வந்தாப்புல இருந்துச்சுங்க. அந்தச் சிரிப்ப நெனச்சாத்தான் இப்ப வயிறு எரியுது.

“அண்ணா, டிக்கில வீல் ஸ்பேனர் இருந்தா எடுங்க”ன்னான். போய் எடுத்துட்டுத் திரும்பறேன், டயரக் கவுத்து வெச்சுக் காட்டறான். சைடுல விரல் நீளத்துக்கு வெட்டு. “சைடு வால் போச்சுங்ண்ணா, ஒட்டு நிக்காது. அம்மிச்சிய வெச்சுட்டு ரிஸ்க் எடுக்காதீங்க.” சைடு வெட்டுக்குப் பஞ்சர் போடக்கூடாதுங்கறது நெசந்தான், அதனால நானும் மறுத்துப் பேசல. உள்ள இருந்து கருகருன்னு மினுங்கற டயர் ஒண்ணு வந்துச்சு. “புதுசுங்ண்ணா, ஒரு கஸ்டமர் ஆர்டர் பண்ணிட்டு வாங்காம விட்டது.” டயர், வால்வு, ஃபிட்டிங், பேலன்சிங் எல்லாம் சேத்து 7,400. ஜிபேல போட்டேன். (அந்தக் கொட்டாய்ல பேலன்சிங் மெஷினே கெடையாதுங்க!) பில் கேட்டா, புக்கு ஓனர்கிட்ட இருக்குது, வாட்ஸ்அப்ல அனுப்பறேன்னான்.

பழைய டயர “இங்கயே போட்டுருங்க”ன்னுதான் சொன்னான். அம்மா விடல, தோட்டத்துல எதுக்காவது ஆகும்னு எடுத்துப் போடச் சொன்னாங்க. நல்லதாப் போச்சு.

திரும்பி வரும்போது 80-ஐத் தாண்டுனாலே வண்டி அதிர்ந்துச்சு. காலைல ஈரோட்டுல வழக்கமாப் போற டயர் கடைல கழட்டிப் பாத்தாங்க. டயர்ல நீள்வட்டத்துக்குள்ள நாலு நம்பர் இருக்குமுங்க, முதல் ரெண்டு வாரம், கடைசி ரெண்டு வருஷம். இதுல 3116. அதாவது 2016-ல வந்த டயர்! அந்தப் பக்கம் கண்ணுல படாம உள்ளுக்குத் திருப்பி மாட்டியிருக்கான். தேஞ்ச டயர்ல புதுசாக் காடி வெட்டி, கறுப்பு பாலிஷ் அடிச்சது. கடைக்காரர் காடிக்குள்ள நகத்த விட்டுக் காட்டுனாரு, அடில நூலே தெரியுது. வெயில்ல வெடிச்சிருந்தா?

பழைய டயரையும் பாத்தாரு. நடுவுல ஒரே ஒரு ஆணி, நூத்தம்பது ரூபா வேலை. சைடு வெட்டு பிளேடால கிழிச்சது.

போன் போட்டேன். மொதல்ல, “ஓனர் பழனிக்கு நடந்து போயிருக்காருங்ண்ணா, வந்ததும் பேசச் சொல்றேன்.” மறுபடி போட்டா, “எந்த டயருங்க சார்? நாங்க புது டயரே விக்கறதில்லையே.” காலைல அண்ணா, மத்தியானம் சார். சாயங்காலம் “ராங் நம்பர்”. இப்ப ரிங்கே போறதில்லை. புகார் குடுக்கலாம்னா எல்லாரும் பில் இருக்குதான்னுதான் கேக்கறாங்க.

என்னென்ன பாக்கணும்னு வெலாவாரியா எழுதத்தான் நெனச்சேன், இப்ப மனசு நிக்கல. டயரக் கழட்டறப்ப பக்கத்துலயே நில்லுங்க, எதை எடுக்கச் சொன்னாலும் நகராதீங்க. டயர் வாங்குனா அந்த நாலு நம்பரப் பாக்காம காசு குடுக்காதீங்க. பில் இல்லாம வண்டிய எடுக்காதீங்க. தேசிய நெடுஞ்சாலைல வண்டி நின்னுட்டா ஹெல்ப்லைன் 1033-க்குப் போன் போடுங்க. அந்த 7,400 போனது போக, அம்மாவ மறுபடி கண்ணுக்குக் காட்டப் போறதுக்குள்ள இன்னொரு டயர் வேற வாங்கணும். 165/80 ஆர்14, ஈரோட்டுல நியாயமான வெலைக்கு எங்க கெடைக்கும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.