குவாங்சோவிலிருந்து ஏழு ஆண்டுகள்: சைனா சதர்னில் பறந்த அனுபவம்

2018-இல் இயந்திர உதிரிபாகக் கொள்முதல் வேலைக்காகத் தென் சீனாவின் குவாங்சோ வந்தேன். அன்று முதல் என் பயணங்களில் பெரும்பாலானவை சைனா சதர்ன் விமான நிறுவனத்தில்தான். அதன் விமானங்களின் வாலில் நீலப் பின்னணியில் ஒரு சிவப்புப் பூ இருக்கும். நம் ஊர் முள்ளிலவம் பூவேதான். குவாங்சோவின் நகர மலரும் அதுதான். மார்ச் மாதம் இலையில்லாத மரங்களில் தெருவெங்கும் பூத்து நிற்கும்.

துணை நிறுவனங்களையும் சேர்த்தால் 900-க்கும் மேற்பட்ட விமானங்கள். ஆனால் எந்த விமானம் என்பதைவிட எந்த ஊரில் மாறுகிறோம் என்பதுதான் முக்கியம் என்பேன்.

குவாங்சோவின் பையுன் விமான நிலையத்தில் மாறுவது சுலபம். உள்நாடு, வெளிநாடு இரண்டும் 2018-இல் திறந்த இரண்டாம் டெர்மினலிலேயே நடக்கின்றன. மெட்ரோ மூன்றாம் தடத்தின் கடைசி நிறுத்தத்தில் இறங்கினால் நேரே உள்ளே போய்விடலாம். சிட்னி, மெல்போர்ன், ஆக்லாந்து, லண்டன் என்று நீளும் வழித்தடங்களுக்கு இதுதான் மையம்.

பெய்ஜிங்கில்தான் கவனம் வேண்டும். 2019-இல் திறந்த தாஷிங் நிலையம் இந்த நிறுவனத்தின் இன்னொரு மையம். உள்ளே எனக்கு மிகவும் பிடித்த இடம் அது: நடுவிலிருந்து ஐந்து கைகள் விரிவதால் எந்த வாயிலுக்கும் அதிக நடை இல்லை. ஆனால் பழைய கேபிடல் நிலையம் நகரத்தின் வடகிழக்கில், தாஷிங் தெற்குக் கோடியில். ஒரு முன்பதிவுத் தளம் எனக்கு தாஷிங்கில் இறங்கி, மூன்று மணி நேரத்தில் கேபிடலில் வேறு விமானம் ஏறும்படி டிக்கெட் போட்டுக் கொடுத்தது. நானும் நிலையத்தின் பெயரைப் பார்க்கவில்லை. விமானம் போய்விட்டது. அதன் பிறகு, டிக்கெட்டில் ஊர்ப் பெயருக்கு முன்னால் நிலையத்தின் பெயரைத்தான் படிக்கிறேன்.

வடமேற்குச் சீனாவில் ஷின்ஜியாங்கின் தலைநகரான உரும்ச்சி பலருக்குத் தெரியாத மையம். ஷின்ஜியாங் ஏர்லைன்ஸ் இதனுடன் இணைந்ததால் கிடைத்த பலம். அல்மாட்டி, தாஷ்கண்ட், பிஷ்கெக் என்று மத்திய ஆசியா போகிறவர்களுக்கு இது நல்ல வழி. குவாங்சோவிலிருந்து உரும்ச்சிக்கே ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும், அவ்வளவும் உள்நாட்டுப் பயணம்! ஊரின் வாழ்க்கை இரண்டு மணி நேரம் பின்தங்கி நடந்தாலும் டிக்கெட்டில் இருப்பது பெய்ஜிங் நேரம்தான். கடிகாரத்தை மாற்ற வேண்டாம்.

விமானங்களில் ஏர்பஸ்ஸின் இரண்டடுக்கு ஏ380-ஐ இன்னும் நினைத்துக்கொள்வேன். சீனாவில் அதை ஓட்டிய ஒரே நிறுவனம் இது. மொத்தம் ஐந்து, 506 இருக்கைகள். 2022-இல் அனைத்துக்கும் விடை கொடுத்துவிட்டார்கள். சிட்னிக்கு ஒருமுறை அதில் போனபோது இருந்த அமைதி வேறு எதிலும் கிடைக்கவில்லை. இப்போது நீண்ட பயணத்துக்கு ஏ350 கிடைத்தால் அதையே எடுப்பேன். ஷாங்காய் போகும்போது சீனாவே தயாரித்த சி919-இலும் ஏறினேன். 2024 செப்டம்பரிலிருந்து ஓட்டுகிறார்கள், 164 இருக்கைகள். நடு இருக்கை மற்ற இரண்டையும்விடச் சற்று அகலம், நடுவில் உட்கார்ந்தவருக்கு அது பெரிய விஷயம்.

பறக்கும் தூரத்துக்குக் கிடைக்கும் மைல் புள்ளிகளைச் சேர்ப்பவர்கள் கவனிக்க: 2019 தொடக்கத்திலேயே ஸ்கைடீம் என்ற விமான நிறுவனங்களின் கூட்டணியிலிருந்து இந்த நிறுவனம் விலகிவிட்டது. பழைய கூட்டணியை நம்பி வேறு நிறுவனத்தின் கணக்கில் சேர்க்கலாம் என்று நினைக்காமல், முதலிலேயே சைனா சதர்னின் சொந்த மைல் திட்டமான ஸ்கை பேர்ல் கிளப்பில் சேர்ந்துவிடுங்கள்.

கோடையில் குவாங்சோவில் பிற்பகல் இடிமழை பெய்தால் எல்லா நிறுவனங்களின் விமானங்களும் நிற்கும். அதனால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நான் காலை விமானம்தான் எடுப்பேன். சைவ உணவு வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அப்புறம் பவர் பேங்க்: 2025 ஜூன் 28 முதல் சீனாவின் உள்நாட்டு விமானங்களில் 3சி (சீனாவின் பாதுகாப்புச் சான்று) முத்திரை இல்லாததை எடுத்துச் செல்லக் கூடாது. ஊரிலிருந்து கொண்டுவந்த பவர் பேங்கில் பெரும்பாலும் அந்த முத்திரை இருக்காது; கிளம்புமுன் திருப்பிப் பாருங்கள்.